டாலர் நோட்டில் இருக்கும் முகங்கள்: யார் வைத்தது, எதற்காக வைத்தது?

கேள்வி இது: "மாமா அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு இரண்டு டாலர் நோட்டு கொடுத்தார். செலவழிக்காதே, ராசியான நோட்டு என்றார். இதில் இருப்பவர் யார்? டாலர் நோட்டில் இருப்பவர்கள் எல்லாரும் அதிபர்கள்தானா? யாரைப் போடுவது என்று யார் முடிவு செய்தார்கள்? ஒரு பெண்கூட ஏன் இல்லை?"

உங்கள் நோட்டில் இருப்பவர் தாமஸ் ஜெஃபர்சன், மூன்றாவது அதிபர். இன்று அச்சாகும் ஏழு வகை நோட்டுகளில் ஐந்தில் அதிபர்கள் இருக்கிறார்கள்: 1 டாலரில் வாஷிங்டன், 2-ல் ஜெஃபர்சன், 5-ல் லிங்கன், 20-ல் ஆண்ட்ரூ ஜாக்சன், 50-ல் கிராண்ட். 10 டாலர் நோட்டில் உள்ள அலெக்சாண்டர் ஹாமில்டன் அந்நாட்டின் முதல் கருவூலச் செயலர், அதாவது நம் வழக்கில் நிதியமைச்சர். 100 டாலரில் உள்ள பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அச்சகக்காரர், விஞ்ஞானி, ராஜதந்திரி. அதிபர் பதவிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. இந்த வரிசையை 1920களில் கருவூலத் துறை ஒரு குழு போட்டு முடிவு செய்தது. குறிப்பாக இவர்களை ஏன் எடுத்தார்கள் என்ற காரணம் துறையின் கோப்புகளில் இல்லை. அதைத் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது.

சுருக்கமான பதில் அவ்வளவுதான். ஆனால் பழைய நோட்டு சேர்க்கும் கிறுக்கு எனக்கு இருப்பதால் இத்தோடு விட மனம் வரவில்லை. நோட்டில் முகம் வைப்பது பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். என் கணிப்பு வேறு. நோட்டில் உள்ள முகம் முதலில் ஒரு பூட்டு. கள்ள நோட்டு அடிப்பவனுக்கு எதிராகப் போட்ட பூட்டு. மரியாதை, அரசியல், சுயவிளம்பரம் எல்லாம் அந்தப் பூட்டின் மேல் பிறகு ஏறிய பூச்சு.

அமெரிக்கக் காகிதப் பணம் முகத்தோடு தொடங்கவும் இல்லை, இலையோடு தொடங்கியது. 1730களில் ஃபிராங்க்ளின் பிலடெல்ஃபியாவில் அச்சகம் நடத்தி, அக்கம்பக்கத்துக் காலனிகளுக்கு நோட்டு அச்சடித்துக் கொடுத்தார். எழுத்தையும் பூவேலையையும் எவனும் பார்த்துச் செதுக்கிவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு மர இலையை எடுத்து, அதன் நரம்புகளை அப்படியே அச்சு வார்த்து ஈயத்தில் எடுத்து, நோட்டின் பின்பக்கம் அழுத்தினார். ஓர் இலையின் நரம்பு இன்னோர் இலையில் இருக்காது, கைரேகை மாதிரி. எப்படி வார்த்தார் என்பதைத் தொழில் ரகசியமாகவே வைத்துக்கொண்டார். அந்தக் கால நோட்டுகள் பலவற்றில் இன்னொரு வாசகமும் இருக்கும்: கள்ளப் பணம் அடித்தால் மரண தண்டனை. இலையும் தூக்குக் கயிறும் ஒரே காகிதத்தில்.

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர் தொடங்கியதும் 1775-ல் காலனிகளின் பொது அவையான காங்கிரஸ் தன் சொந்த நோட்டை வெளியிட்டது. அதற்குக் கான்டினென்டல் என்று பெயர். அதிலும் முகம் கிடையாது. 6 டாலர் நோட்டில் ஒரு பீவர் உட்கார்ந்து பெரிய மரத்தைக் கொறித்துக்கொண்டிருக்கும். சின்னப் பிராணி, பெரிய பேரரசு, விடாமல் கொறி என்று அர்த்தம். 1776-ல் வந்த சில்லறை நோட்டுகளில் ஒரு சூரியக் கடிகாரமும், உன் வேலையைப் பார் என்ற வாசகமும் இருந்தன. பின்பக்கம் பதின்மூன்று வளையங்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். முகம் ஏன் இல்லை என்றால், காசில் தலை என்றாலே அன்று அது ராஜாவின் தலை. ராஜாவை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்கள் யார் தலையைப் போடுவார்கள்? 1792-ல் நாணயச் சட்டம் வந்தபோது அதிபரின் தலையை நாணயத்தில் போடலாம் என்று செனட் சொன்னது. பிரதிநிதிகள் சபை மறுத்து, சுதந்திரத்தைக் குறிக்கும் பெண் உருவம் போதும் என்றது. ஒரு தலைமுறைக்கு மேல் அந்தக் கூச்சம் நீடித்தது. இதற்கிடையில் அச்சடித்துத் தள்ளியதில் கான்டினென்டல் நோட்டின் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விட்டது. நாம் உப்புக்கும் பெறாது என்பதை அவர்கள் கான்டினென்டலுக்கும் பெறாது என்று சொல்லத் தொடங்கினார்கள்.

சூடுபட்ட பூனை போல அதன்பிறகு மத்திய அரசு அன்றாடப் புழக்கத்துக்கான நோட்டில் கைவைக்கவே பயந்தது. உள்நாட்டுப் போர் வரை நோட்டு அடித்தவை தனியார் வங்கிகள்தான், ஆயிரக்கணக்கான ரகங்களில். நியூயார்க்கின் அச்சு நிறுவனங்கள் படங்களை எஃகில் செதுக்கித் தயாராக வைத்திருக்கும். வங்கிக்காரர் வந்து கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் படம் தேர்ந்தெடுப்பது போலத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். கப்பல், ரயில், பசுமாடு, கதிர்க்கட்டோடு நிற்கும் தேவதை, எல்லாம் கிடைக்கும். செயின்ட் நிக்கலஸ் வங்கி என்று நியூயார்க்கில் ஒன்று இருந்தது. பெயருக்கு ஏற்றாற்போல் கிறிஸ்துமஸ் தாத்தா பனிச்சறுக்கு வண்டியில் வரும் படத்தை நோட்டில் போட்டுக்கொண்டது. ஒரே தேவதை ஓகையோவிலும் ஜார்ஜியாவிலும் வேறு வேறு வங்கி நோட்டில் சிரித்துக்கொண்டிருப்பாள். கள்ள நோட்டுக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எந்த வங்கியின் அசல் நோட்டு எப்படி இருக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. கல்லாவுக்குப் பக்கத்தில் கள்ள நோட்டுப் பட்டியல் அச்சடித்த பத்திரிகை ஒன்றை வைத்துக்கொண்டு புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

1861-ல் தென் மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் வந்தது, கருவூலத்தில் பணம் இல்லை. லிங்கன் அரசு 5, 10, 20 டாலர்களில் நோட்டு வெளியிட்டது. கேமரா வைத்துக் கள்ள நோட்டு எடுப்பது அப்போது புதிய தொல்லை. அன்றைய புகைப்படம் கறுப்பு வெள்ளைதான் என்றாலும், நோட்டில் உள்ள வண்ண மையைக் கழுவி எடுத்துவிட்டு மிச்சக் கறுப்பைப் படம் பிடிக்கும் சாமர்த்தியசாலிகள் இருந்தார்கள். கழுவினாலும் போகாத ஒரு பச்சை மை 1850களில் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பச்சையைப் பின்பக்கம் முழுக்கப் பூசினார்கள். டாலருக்குப் பச்சை முதுகு என்ற செல்லப்பெயர் வந்தது அப்படித்தான். அந்த 10 டாலர் நோட்டில் லிங்கனின் முகம். பதவியில் இருக்கும், உயிரோடு இருக்கும் அதிபர். ராஜா தலை வேண்டாம் என்று 70 வருடம் முன்னால் சொன்ன நாடுதான் இது.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். 1862-ல் 1 டாலர் நோட்டு வந்தபோது அதில் இருந்தவர் வாஷிங்டன் இல்லை. சால்மன் சேஸ், அன்றைய கருவூலச் செயலர். நோட்டு வெளியிடும் துறையே அவர் கையில். 1860-ல் அதிபர் வேட்பாளராக முயன்று லிங்கனிடம் தோற்றவர், 1864-ல் மறுபடி முயலும் ஆசை உள்ளவர். விலை கூடிய நோட்டில் அதிபரையும் சிறிய நோட்டில் என்னையும் போட்டேன், அடக்கம்தானே என்று அவர் சமாதானம் சொன்னதாகப் பேச்சு உண்டு. அடக்கம்தான்! 10 டாலர் நோட்டைச் சாதாரண ஆள் எத்தனை முறை கையில் பிடித்திருப்பான்? 1 டாலர் நோட்டு ஒவ்வொரு சிப்பாயின் சட்டைப்பையிலும் போகும். சுவரொட்டி செலவில்லாத தேர்தல் பிரசாரம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

அதிபர் கனவு பலிக்கவில்லை. லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆக்கினார். 1870-ல் ஒரு வழக்கு வந்தது: தங்கமாகத் தர வேண்டிய பழைய கடனை இந்தக் காகித நோட்டில் அடைக்கலாமா? அடைக்க முடியாது, பழைய கடன்களுக்கு இந்த நோட்டைச் செல்லுபடியாக்கியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு எழுதியவர் அதே சேஸ். தன் முகம் போட்டு, தான் வெளியிட்ட நோட்டை! அடுத்த ஆண்டே புதிய நீதிபதிகள் வந்து அந்தத் தீர்ப்பை மாற்றினார்கள். அப்போதும் சேஸ் மாற்றுத் தீர்ப்பு எழுதிப் பிடிவாதமாக நின்றார். 1869-ல் 1 டாலர் நோட்டிலிருந்து அவரை எடுத்துவிட்டு வாஷிங்டனைப் போட்டார்கள். அதே ஆண்டு 2 டாலரில் ஜெஃபர்சன் வந்து உட்கார்ந்தார். உங்கள் நோட்டில் உள்ளவர் அந்த இடத்துக்குப் பழையவர்.

சேஸாவது அமைச்சர். ஸ்பென்சர் கிளார்க் என்பவர் நோட்டு அச்சடிக்கும் பிரிவின் தலைமை அதிகாரி, அவ்வளவுதான். போர்க்காலத்தில் உலோகத்தை எல்லாரும் பதுக்கிவிட்டதால் சில்லறைக்கே காகித நோட்டு போட்டார்கள். 3 சென்ட், 5 சென்ட், 10 சென்ட்டுக்கெல்லாம். நம் பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதில் 5 சென்ட் நோட்டில் ஒரு தாடிக்காரர் படம் வந்தது. யாரென்று பார்த்தால், கிளார்க்கே! நோட்டில் கிளார்க் என்று போடுங்கள் என மேலிடம் சொன்னது மேற்கே பயணம் போன ஆய்வாளர் கிளார்க்கை மனத்தில் வைத்து, இவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார் என்றொரு கதை உலவுகிறது. கதைதான், ஆனால் நல்ல கதை. பென்சில்வேனியா உறுப்பினர் ரஸ்ஸல் தேயர் சபையில் கொதித்தார். 1866 ஏப்ரலில் சட்டம் வந்தது: இனிமேல் உயிரோடு இருப்பவர் யாருடைய உருவத்தையும் அரசின் நோட்டிலும் பத்திரத்திலும் செதுக்கக் கூடாது. இனிமேல் செதுக்குவதற்குத்தான் தடை, செதுக்கியது செதுக்கியதுதான் என்று ஓர் ஓட்டையும் விட்டிருந்தார்கள். அதனால் ஏற்கெனவே 50 சென்ட்டில் இருந்த கருவூல அதிகாரி ஃபிரான்சிஸ் ஸ்பின்னர் அடி வாங்காமல் தப்பினார்.

அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இறந்தவர் படம்தான் போடலாம், படத்தின் கீழே பெயரும் இருக்க வேண்டும். 2025-ல் டிரம்ப் முகத்தோடு 250 டாலர் நோட்டு வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார்களே, அதில் இந்தச் சட்டத்துக்கும் விலக்கு கேட்க வேண்டியிருந்தது. 5 சென்ட்டில் கை வைத்த ஓர் அதிகாரியின் நிழல் இவ்வளவு தூரம் விழுகிறது.

தென் மாநிலங்களுக்கு இந்தக் கூச்சம் எதுவும் இல்லை. பிரிந்துபோய் அவர்கள் அமைத்த கூட்டமைப்பின் 50 டாலர் நோட்டில் அதன் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் உயிரோடு இருக்கும்போதே வந்தார். தென் கரோலைனா ஆளுநரின் மனைவி லூசி பிக்கன்ஸ் படமும் வந்தது. இன்னும் சில நோட்டுகளில் பருத்திக் காட்டில் மண்வெட்டி பிடித்து நிற்கும் கறுப்பின அடிமைகள். ஓர் அரசாங்கம் தன் பணத்தில் தன் சொத்து என்று நினைத்ததைப் படமாகப் போட்டது. அமெரிக்க நோட்டு ஆல்பத்தில் நான் வேகமாகப் புரட்டிவிட முடியாத பக்கம் அது.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். கற்பனைப் பெண்களுக்குப் பஞ்சமே இல்லை: சுதந்திர தேவி, நீதி தேவி, வெற்றி தேவி. ரத்தமும் சதையுமான பெண் என்றால் 1863-ன் தேசிய வங்கி நோட்டுகளில் 20 டாலரின் பின்பக்கம் போகஹான்டஸ் என்ற பூர்வகுடிப் பெண் ஞானஸ்நானம் பெறும் காட்சி. நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் தொங்கும் ஓவியங்களை அப்படியே செதுக்கி நோட்டின் முதுகில் ஏற்றிய காலம் அது. நம் 5 சென்ட் கிளார்க்தான் அதற்கும் யோசனை சொன்னவர்: பாமர மக்களும் நாட்டு வரலாற்றைக் கற்பார்கள் என்றார். ஆசாமி முட்டாள் இல்லை. அத்தனை மனிதர்கள் நெருக்கி நிற்கும் ஓவியத்தைக் கள்ளத்தனமாகச் செதுக்குவதும் லேசுப்பட்ட வேலை இல்லை.

அடுத்து மார்த்தா வாஷிங்டன். 1886-லும் 1891-லும் வந்த 1 டாலர் வெள்ளிச் சான்று நோட்டில், அதாவது கருவூலத்தில் வைத்த வெள்ளிக்கு ஈடாக வெளியிட்ட நோட்டில், நடுநாயகமாக அவர் முகம். அமெரிக்க அரசின் காகிதப் பணத்தில் முதன்மை முகமாக இருந்த ஒரே பெண் அவர்தான். 1896-ல் கணவரோடு பின்பக்கம் போனார். அதன்பிறகு ஒருவரும் இல்லை. ஆனால் நோட்டில் பெண் முகம் வருவதற்கு முன்பே பெண் கைகள் வந்துவிட்டன: 1862-ல் ஸ்பின்னர் பெண்களை வேலைக்கு எடுத்து, தாளாக வந்த நோட்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்ட வைத்தார். மத்திய அரசு அலுவலகங்களில் பெண்கள் பெரிய அளவில் நுழைந்தது அந்தக் கத்தரிக்கோலோடுதான்.

1896-ன் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நோட்டு சேர்ப்பவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பெயர் பெற்ற ஓவியர்களிடம் படம் வாங்கி மூன்று நோட்டுகள் போட்டார்கள். 1 டாலரில் வரலாறு என்னும் பெண் ஒரு சிறுவனுக்குப் பாடம் சொல்கிறாள். பின்னால் ஆற்றுக்கு அக்கரையில் வாஷிங்டன் நகரம், பக்கத்தில் விரித்த அரசியல் சாசனம், சுற்றிலும் மாலைகளுக்குள் பெரியவர்களின் பெயர்கள். 5 டாலரில் மின்சாரம் உலகை ஆள்கிறது: மின்விளக்கை உயர்த்திப் பிடித்த தேவதை, சுற்றிலும் மேலாடை இல்லாத உருவங்கள். பாஸ்டன் பக்கம் முகம் சுளித்தார்கள் என்று சொல்வார்கள். வங்கிக் காசாளர்களின் குறை வேறு: ஒரே மை மயம், எண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது, வேகமாக எண்ண முடியவில்லை. நோட்டின் வேலை என்ன என்பதை மறந்த அழகு. மூன்றே ஆண்டுகளில் 1899 வரிசை வந்து அதை ஓரங்கட்டியது. நான் பார்த்த காகிதப் பணத்திலேயே அதுதான் அழகு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை; காசாளர்கள் சொன்னது சரி என்பதிலும் இல்லை.

அந்த 1899-ன் 5 டாலரில் ஒரு பழங்குடித் தலைவர் இருக்கிறார். லக்கோட்டா இனத்து ஹங்க்பாப்பா பிரிவைச் சேர்ந்தவர். பெயருக்கு ஓடும் மான் என்று பொருள். மத்திய அரசின் நோட்டில் பூர்வகுடி ஒருவர் தனி ஆளாக நடுவில் நிற்பது அது ஒன்றில்தான். 1872-ல் அவர் வாஷிங்டன் வந்தபோது எடுத்த புகைப்படம் மூலம். அதில் அவர் தலையில் இருந்த இறகுகள் உயரம், நோட்டில் அடங்கவில்லை. செதுக்குபவர்கள் என்ன செய்தார்கள்? பானி இனத்தாரின் தலைப்பாகையை எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டார்கள். பானி இனமும் லக்கோட்டாவும் பரம்பரைப் பகையாளிகள். வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா மக்களை ராணுவம் சுட்டுக் குவித்து ஒன்பது ஆண்டுகள்கூட முடியவில்லை. மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு பகைவனின் கிரீடத்தைச் சூட்டிய நோட்டு அது. ஏலத்தில் விலை எகிறும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலைப்பாகைதான் கண்ணில் உறுத்தும்.

இப்போது நாம் பார்க்கும் வரிசை 1928-ன் வடிவம், புழக்கத்துக்கு வந்தது 1929 ஜூலையில். அதுவரை நோட்டு பெரியது. சேர்ப்பவர்கள் அதைக் குதிரைப் போர்வை என்பார்கள். அளவைக் குறைத்ததும் ஒரு தாளில் 8 நோட்டுக்குப் பதில் 12 அடிக்க முடிந்தது. காகிதச் செலவு மிச்சம். மாற்றத்தின் மூல காரணம் இந்த மிச்சம்தான். கூடவே எந்த நோட்டில் யார் என்பதையும் ஒழுங்குபடுத்தினார்கள். அதிபர்களின் முகம்தான் மக்கள் மனத்தில் நிலையாகப் பதிந்திருக்கும் என்றது குழு. கருவூலச் செயலர் ஆண்ட்ரூ மெலன் அதில் ஹாமில்டன், ஃபிராங்க்ளின், சேஸ் மூவரையும் சேர்த்தார். ஆமாம், சேஸ் திரும்பி வந்தார், இந்த முறை 10,000 டாலர் நோட்டில்! 1 டாலரில் எல்லார் பையிலும் இருக்க ஆசைப்பட்டவர், யார் பையிலும் இல்லாத நோட்டில் போய் உட்கார்ந்தார். 500-ல் மெக்கின்லி, 1,000-ல் கிளீவ்லாந்து, 5,000-ல் மேடிசன். இந்தப் பெரிய நோட்டுகளை 1945-க்குப் பிறகு அடிக்கவில்லை; 1969-ல் வெளியிடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

முகங்கள் மக்கள் மனத்தில் பதிந்திருந்தால் என்ன லாபம்? இங்கேதான் பூட்டு வருகிறது. மனிதக் கண் ஒரு பூவேலையில் கோடு பிசகினால் கவனிக்காது. தெரிந்த முகத்தில் உதட்டோரம் ஒரு மயிரிழை மாறினாலும், என்னவோ சரியில்லையே என்று உடனே தோன்றிவிடும். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் 1 டாலர் நோட்டின் வாஷிங்டனைப் பாருங்கள். கன்னத்தில் ஓடுவது கோடு இல்லை, வளைந்து போகும் புள்ளி வரிசை. மேல்சட்டையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தடித்த கோடுகள். முடியில் நீண்ட இழைகள், ஒன்றுகூட ஒன்றன்மேல் ஒன்று தடுமாறி விழாது. எஃகுத் தகட்டில் உளியால், இடவலம் மாற்றி, மாதக்கணக்கில் ஒருவர் தோண்டியது அது. தவறு நேர்ந்தால் அழிப்பான் கிடையாது. முகம் செதுக்குபவர் முகம் மட்டுமே செதுக்குவார். எழுத்துக்கு வேறு ஆள். ஒவ்வொருவர் கைக்கும் ஒரு வாகு உண்டு, அதை அடுத்தவர் அப்படியே செய்ய முடியாது. ஃபிராங்க்ளினின் இலை நரம்பு செய்த வேலையைத்தான் இந்தக் கை செய்கிறது. தோண்டிய பள்ளத்தில் மை நிரப்பிப் பெரும் அழுத்தத்தில் காகிதத்தை அழுத்தும்போது மை மேடாக எழும்பும். அதனால்தான் புது நோட்டில் அந்த மேல்சட்டையை நகத்தால் வருடினால் சொரசொர என்றிருக்கும்.

அந்த வாஷிங்டன் முகத்துக்கு மூலம் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-ல் வரைந்த ஓவியம், அதுவும் பாதியில் விட்டது. மார்த்தா கேட்டு வரைந்த படம். முடித்தால் கொடுத்துவிட வேண்டுமே என்று முடிக்காமலே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் படிகள் வரைந்து விற்றார். ஒவ்வொரு படியும் 100 டாலர். இவை என் நூறு டாலர் நோட்டுகள் என்பாராம். கடைசியில் அது ஒரு டாலர் நோட்டானது. வாஷிங்டனின் வாய் இறுகி உப்பியிருப்பது ஏன் என்றால் அப்போதுதான் புதுப் பொய்ப்பல் கட்டியிருந்தார்.

20 டாலர் ஜாக்சனைப் பற்றிச் சிரிக்காமல் எழுத முடியாது. காகிதப் பணத்தை வெறுத்தவர். மத்திய வங்கியின் உரிம நீட்டிப்பை 1832-ல் ரத்து செய்து அதை ஒழித்துக்கட்டியவர். பதவி விட்டுப் போகும்போதும் காகிதப் பணத்தின் கேட்டைப் பற்றி எச்சரித்துவிட்டுப் போனார். அவர் முகத்தை இன்றைய மத்திய வங்கியின் காகித நோட்டில் போட்டு நூறு ஆண்டு ஆகப்போகிறது. சிரிப்பு நிற்கும் இடமும் உண்டு. 1830-ல் அவர் கையெழுத்திட்ட சட்டத்தின்பேரில் பூர்வகுடிகளைத் தென்கிழக்கிலிருந்து அப்புறப்படுத்தினார்கள், போகும் வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

1 டாலரின் பின்பக்கப் பிரமிடும் கண்ணும் பற்றி ரகசியச் சங்கக் கதைகள் நிறையக் கேட்டிருப்பீர்கள். 1782-ல் ஏற்ற நாட்டு முத்திரையின் இரண்டு பக்கம் அது. 1935-ல் நோட்டுக்கு வந்தது. வடிவத்தைப் பார்த்த அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட், பிரமிடை இடப்பக்கமும் கழுகை வலப்பக்கமும் மாற்றுங்கள் என்று பென்சிலால் எழுதிய தாள் இன்றும் இருக்கிறது. கடவுளை நம்புகிறோம் என்ற வாசகம் 1957-ல்தான் காகித நோட்டில் ஏறியது.

1996-ல் 100 டாலரில் ஃபிராங்க்ளின் முகம் பெரிதாகி இடப்பக்கம் நகர்ந்தபோது விளையாட்டுப் பணம் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். நகர்த்தியதற்குக் காரணம் உண்டு: நோட்டை மடிப்பது நடுவில், தேய்வதும் நடுவில், நகர்த்தினால் முகம் தேயாது, வலப்பக்கம் நீர்க்குறி வைக்கவும் இடம் கிடைக்கும். கலர் நகலெடுக்கும் இயந்திரம் வந்த பிறகு உளி மட்டும் போதாது என்று ஆகிவிட்டது. 2013-ன் 100 டாலரில் நீலப் பட்டை, நிறம் மாறும் மணி எல்லாம் சேர்ந்தன. 1 டாலரையும் 2 டாலரையும் மட்டும் யாரும் தொடவில்லை. 1 டாலரை மாற்றப் பணம் செலவிடக் கூடாது என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களிலேயே எழுதி வைக்கிறார்கள். கள்ள நோட்டுக்காரனுக்கு 1 டாலரில் லாபமும் இல்லை.

பெண் வருவாரா? 2015-ல் ஒரு மக்கள் இயக்கம் இணையத்தில் வாக்கெடுத்து, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து, மற்றவர்களையும் தப்புவித்த ஹாரியட் டப்மனைத் தேர்ந்தெடுத்தது. முதலில் 10 டாலரில் பெண் என்றது அரசு. அதற்குள் ஹாமில்டனைப் பற்றிய இசை நாடகம் பிராட்வேயில் சக்கைப்போடு போட, ஹாமில்டனைத் தொடாதே என்று குரல் எழுந்தது. 2016 ஏப்ரலில் கருவூலச் செயலர் ஜேக்கப் லூ, டப்மன் 20 டாலரின் முன்பக்கம் வருவார், ஜாக்சன் பின்பக்கம் போவார் என்று அறிவித்தார். அடுத்து வந்த அரசு தள்ளிப்போட்டது. அதற்கடுத்த அரசு மறுபடி எடுத்தது. அறிவித்த அட்டவணைப்படி புதிய 20 டாலர் 2030-ல். தாமதத்துக்கு அரசியல் பாதி. மீதி, எந்த நோட்டுக்கு எப்போது புதுப் பூட்டு என்று பார்க்கும் கள்ள நோட்டுத் தடுப்பு வரிசை. பார்வையற்றோர் தொட்டு அறியும் வசதி வேண்டும் என்று நீதிமன்றம் 2008-ல் சொன்னதும் சேர்ந்துகொண்டது. எல்லா நோட்டையும் ஒரே அளவில் அடிப்பதன் பலன் அது. டப்மனுக்கும் 20-க்கும் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது: உள்நாட்டுப் போரில் செவிலியாக உழைத்ததற்கும், கணவர் சிப்பாயாக இருந்ததற்கும் சேர்த்து 1899-ல் நாடாளுமன்றம் அவருக்கு ஒதுக்கிய ஓய்வூதியம் மாதம் 20 டாலர்.

இனி மாமாவின் நோட்டு. அதில் முத்திரை என்ன நிறம் என்று பாருங்கள். சிவப்பானால் 1966-க்கு முந்தையது, பின்பக்கம் ஜெஃபர்சனின் வீடு இருக்கும். பச்சையானால் 1976-லோ அதற்குப் பிறகோ வந்தது. ராசி என்றார் மாமா. அமெரிக்காவில் நெடுநாள் அதற்கு நேர் எதிரான பெயர். ஓட்டுக்கு லஞ்சம், குதிரைப் பந்தயம் என்று அந்த நோட்டுக்குக் கெட்ட சகவாசம். தோஷம் கழிய மூலையைக் கொஞ்சம் கிழித்துவிடுவார்கள். உங்கள் நோட்டில் மூலைகள் முழுசாக இருந்தால் நல்லது. பச்சை முத்திரை நோட்டு பெரும்பாலும் இரண்டு டாலருக்குத்தான் போகும், விற்கும் யோசனை வேண்டாம்.

பச்சை முத்திரை நோட்டானால் பின்பக்கம் ஒரு கூட்டம் தெரியும், அது ஜான் டிரம்புல் வரைந்த ஓவியம். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திடும் காட்சி என்பார்கள். உண்மையில் வரைவை மேசையில் வைக்கும் காட்சி. ஓவியத்தில் 47 பேர், நோட்டில் இடம் போதாமல் 42 பேர். 1863-ல் 100 டாலர் நோட்டின் முதுகில் ஏறியதும் இதே ஓவியம்தான். பூதக்கண்ணாடியை நடுவில் கொண்டுபோங்கள். மேசை முன்னால் காகிதத்தை நீட்டிக்கொண்டு உயரமாக நிற்பவர் ஜெஃபர்சன், அதாவது உங்கள் நோட்டில் அவர் இரண்டு முறை இருக்கிறார். நீங்கள் பார்க்கும்போது அவருக்கு வலப்பக்கம் ஒட்டி நிற்கும் கிழவர் இலை அச்சடித்த ஃபிராங்க்ளின்.